காலையில் திணறும் ஸ்டார்ட்டர்: பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டதா, சார்ஜ் மட்டும் இறங்கியிருக்கிறதா?

பதிவு 1 | மாலைப்பயணி

வணக்கம். என்னிடம் இருப்பது ஒரு சிறிய பெட்ரோல் கார். அதிலுள்ள 12 வோல்ட், 45 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு நான்கு வயதாகிறது. நாள்தோறும் ஓட்டும் வாரங்களில் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் இரண்டு நாள் நிறுத்திவைத்துவிட்டு மூன்றாம் நாள் காலையில் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்து இழுத்துச் சுழல்கிறது. சில வேளைகளில் 'டக் டக் டக்' என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் டாஷ்போர்டு விளக்குகளும் மங்கிவிடுகின்றன. வேறொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டால் உடனே எஞ்சின் இயங்கிவிடுகிறது.

ஒரு மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொன்னார். மற்றொருவர், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் செய்யவில்லை என்றார். இருவருமே எதையும் அளந்து பார்க்கவில்லை. என்னிடம் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது. மாலையில் வண்டியை நிறுத்தியவுடன் அளந்தால் 12.9 வோல்ட் காட்டுகிறது. இரண்டு நாள் கழித்து அளந்தால் 12.2 காட்டுகிறது. இவற்றில் எதை நம்புவது? புதிய பேட்டரி வாங்குவதற்கு முன், குறை எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே உறுதிசெய்துகொள்ள விரும்புகிறேன்.

பதிவு 2 | செம்புக்கம்பி

நீங்கள் அளந்து பார்த்துவிட்டு வாங்க நினைப்பது மிகவும் சரியான முடிவு. 'பேட்டரி போய்விட்டது' என்று சொல்லிக் கழற்றப்படும் பேட்டரிகளில் பல, உண்மையில் சார்ஜ் இறங்கிய நிலையில் இருப்பவைதாம். சார்ஜ் இறங்கிய பேட்டரி வேறு, கெட்டுப்போன பேட்டரி வேறு. இரண்டும் காலையில் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும் என்பதால், அறிகுறியை மட்டும் கேட்டு எவராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

உங்கள் நிலைமைக்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். பேட்டரி தன்னிடம் சேர்ந்த மின்னேற்றத்தைத் தக்கவைக்க முடியாமல் இருக்கலாம். ஆல்டர்னேட்டர் போதிய அளவு ஏற்றாமல் இருக்கலாம். வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். அல்லது பேட்டரியில் எல்லாம் நன்றாக இருந்தும், கேபிளை பேட்டரியோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பில் படிந்த அழுக்கினால் மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். இவற்றில் இரண்டு சேர்ந்து வருவதும் உண்டு. அப்படி வரும்போதுதான் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றொன்றைத் தவறவிடுகிறோம்.

மாலையில் காட்டும் 12.9-ஐ நம்ப வேண்டாம். இப்போதுதான் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்னேற்றம் பெற்றுவிட்டு நிற்கும் பேட்டரியின் தகடுகளில், மேற்பரப்பில் மட்டும் ஒரு தற்காலிக ஏற்றம் தங்கியிருக்கும். அது அடங்கும் வரை மீட்டர் மிகையாகவே காட்டும். இரவு முழுதும் நிறுத்திவைத்து, காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே அளக்கும் வகையில் பானெட்டை மாலையிலேயே தாழ் விலக்கி வைத்துவிடுங்கள். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாவிட்டால், எஞ்சினை நிறுத்தியபின் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சில நிமிடங்கள் கழித்து அளக்கலாம். இது முந்தைய முறைக்கு ஈடாகாது என்றாலும் ஏமாற்றாது.

முதலில் ஒரு சார்ஜரைக் கொண்டு பேட்டரியை முழுவதுமாக ஏற்றுங்கள். 45 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அதன் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 4.5 ஆம்பியர் போதும். அரைகுறையாக ஏறியுள்ள பேட்டரியின் மீது செய்யப்படும் எந்தச் சோதனையும் அதன் உடல்நிலையைப் பற்றி எதையும் சொல்லாது.

பதிவு 3 | பழைய_ஓட்டுநர்

நான்கு வயதான பேட்டரிக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா, தம்பி? மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் என்பதுதான் அதன் பொதுவான ஆயுள். வெப்பமான இடத்தில் அதைவிடவும் குறையும். நடுவழியில் நின்றுவிட்டு வருந்துவதைவிட மாற்றிவிடுவதே மேல் என்பது என் கருத்து. ஆல்டர்னேட்டரைச் சோதிக்க எங்கள் காலத்தில் எளிய வழி ஒன்று உண்டு: எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் ஒரு கேபிளைக் கழற்றிவிடுவோம். எஞ்சின் நிற்காமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

பதிவு 4 | செம்புக்கம்பி

ஐயா, உங்கள் அனுபவத்தின் மீது மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் கேபிளைக் கழற்றும் அந்தச் சோதனையை இன்றைய கார் எதிலும் யாரும் செய்யக்கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆல்டர்னேட்டர் வெளிவிடும் மின்னழுத்த ஏற்ற இறக்கங்களை உள்வாங்கிச் சமன்செய்வது பேட்டரிதான். அதை ஓடும்போதே துண்டித்தால், ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறும். அந்தக் கணம் போதும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியும் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகளும் எரிந்துபோவதற்கு. மின்னணுக் கருவி ஏதும் இல்லாத பழைய வண்டிகளில் அது தப்பித்துக்கொண்டிருந்தது.

அதே விடையை எந்த ஆபத்துமின்றி மல்டிமீட்டர் தரும். எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்தால் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். பிறகு ஹெட்லைட், ஏசி விசிறி, பின்கண்ணாடியின் பனிநீக்கி ஆகியவற்றைப் போட்டு, எஞ்சின் வேகத்தைச் சற்றே உயர்த்தி மீண்டும் அளக்க வேண்டும். அப்போது 13.5-க்குக் கீழே இறங்கித் தொடர்ந்து அங்கேயே நின்றால் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ ஐயப்படலாம். மாறாக, 15-ஐத் தாண்டினால் அது மிகையேற்றம். அமிலத்திலுள்ள நீர் வாயுவாகப் பிரிந்து வற்றிப் பேட்டரி விரைவில் சாகும். புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருளைச் சேமிப்பதற்காக ஆல்டர்னேட்டரின் வெளியீட்டைக் கணினியே கூட்டிக் குறைக்கும். அவற்றில் சில நேரம் 12.8 போன்ற எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஹெட்லைட்டைப் போட்டதும் அது உயர்கிறதா என்று பாருங்கள்.

பதிவு 5 | வேதிக்கூடம்

மீட்டரில் தெரியும் எண் எதைக் குறிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீரும். ஈய-அமில பேட்டரிக்குள் ஆறு செல்கள் தொடராக இணைந்துள்ளன. மின்சாரம் வெளியேறும்போது இரு வகைத் தகடுகளும் ஈய சல்ஃபேட்டாக மாறுகின்றன. அமிலத்திலுள்ள சல்ஃபேட் தகடுகளுக்குப் போய்விடுவதால் எஞ்சிய திரவம் நீர்த்துப்போகிறது. ஒரு செல்லின் மின்னழுத்தம் அந்த அமிலத்தின் அடர்த்தியைப் பின்பற்றியே அமைகிறது. ஒப்படர்த்தியோடு (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 0.84-ஐக் கூட்டினால் செல்லின் வோல்ட் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 1.27 என்றால் 2.11 வோல்ட், ஆறு செல்லுக்கு 12.66. முழுமையாக ஏறி ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 முதல் 12.7 வரை காட்டுவது இதனால்தான். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு, 11.9-க்குக் கீழே போய்விட்டால் காலி என்றே கொள்ளலாம். ஆக, முதல் பதிவில் உள்ள 12.2 என்பது பேட்டரி இரண்டு நாளில் பாதி காலியாகிவிட்டதைக் காட்டுகிறது. ஏன் காலியானது என்பதை அந்த எண் சொல்லவில்லை.

இன்னொரு எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் 10.5 வோல்ட்டை ஒட்டியே நிற்கும் பேட்டரியில், ஒரு செல் உள்ளுக்குள் குறுக்கிணைந்து செத்துவிட்டது. 12.6-இலிருந்து 2.1-ஐக் கழித்துப் பாருங்கள். அதற்கு மருந்து கிடையாது.

உங்கள் பேட்டரியின் மேல் திருகு மூடிகள் இருக்குமானால், மல்டிமீட்டரைவிட நுட்பமான சாட்சி ஒன்று உண்டு: அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். மல்டிமீட்டர் ஆறு செல்களின் கூட்டுத்தொகையை மட்டுமே காட்டும். ஹைட்ரோமீட்டரோ ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே விசாரிக்கும். முழுவதும் ஏற்றிய பின் எல்லாச் செல்களும் 1.265 முதல் 1.280 வரை காட்டினால் நல்லது. ஐந்து செல்கள் 1.27 காட்டி, ஒன்று மட்டும் 1.20 காட்டினால், அந்த ஒன்றுதான் பேட்டரியைக் கீழே இழுக்கிறது, செல்களுக்கிடையே 0.050-க்கு மேல் வேறுபாடு இருந்தால் பேட்டரியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. நீர்மட்டம் குறைந்து தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றிவிட்டு, சார்ஜ் ஏற்றி முடித்தபின் குறிப்பிட்ட மட்டம் வரை நிரப்புங்கள். ஒருபோதும் அமிலத்தை ஊற்றாதீர்கள். குழாய் நீரும் வேண்டாம். ஊற்றிய உடனே அடர்த்தியை அளக்கவும் கூடாது, நீர் மேலே தங்கித் தவறாகக் காட்டும்.

மூடியே இல்லாத பேட்டரிகள் சிலவற்றில் பச்சை, கறுப்பு, வெண்மை என நிறம் காட்டும் சிறு கண்ணாடிக்கண் ஒன்று இருக்கும். அது ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தும் எந்த நிலையில் இருந்தாலும் அது பச்சையாகவே சிரித்துக்கொண்டிருக்கக்கூடும்.

எதைத் தொடுவதற்கும் முன் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். மோதிரத்தையும் உலோகப் பட்டைக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். அருகில் தீயோ பொறியோ கூடாது. பெட்டி புடைத்திருந்தாலும், வெடித்திருந்தாலும், அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் சோதனையை அத்துடன் நிறுத்திவிடுங்கள். அந்த பேட்டரியைச் சார்ஜும் செய்யக்கூடாது, கேபிள் போட்டு இயக்கவும் கூடாது.

பதிவு 6 | மாலைப்பயணி

அனைவருக்கும் நன்றி. என் பேட்டரியில் மூடிகள் இல்லை. பெட்டி புடைக்கவில்லை, நாற்றமும் இல்லை. சார்ஜர் தானாக நிற்கும் வரை ஏற்றி, ஓய்வில் விட்டு, அதன்பின் அளந்ததில் 12.66 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 14.2, எல்லா விளக்குகளையும் விசிறியையும் போட்ட பிறகு 13.9. எனவே ஆல்டர்னேட்டர் மீதான ஐயம் நீங்கியது என்று நினைக்கிறேன்.

ஆனால் எனக்குப் புரியாத ஒன்று: முழுவதும் ஏற்றிய பிறகும் ஸ்டார்ட்டர் முன்பு போல விறுவிறுப்பாகச் சுழலவில்லை. அப்படியானால் பேட்டரி 12.66 காட்டியும் வலுவிழந்துவிட்டது என்று பொருளா?

பதிவு 7 | செம்புக்கம்பி

இருக்கலாம்; ஆனால் அதற்குள் முடிவுகட்ட வேண்டாம். ஓய்வில் அளக்கும் வோல்ட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பாரத்தைச் சுமக்கும் வலு இருக்கிறதா என்பதை, பாரத்தை ஏற்றித்தான் பார்க்க வேண்டும். காரில் அதற்கு ஏற்ற பாரம் ஸ்டார்ட்டர் மோட்டாரே. சிறிய பெட்ரோல் எஞ்சினுக்கே அது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

மீட்டரில் குறைந்தபட்ச எண்ணைப் பிடித்துவைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் மீட்டரின் திரையைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து, பிறகு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வேறொருவர் சாவியைத் திருப்பட்டும். சுழலும் நேரம் முழுதும் பேட்டரியின் முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. 10-க்கு மேல் நின்றால் நிம்மதியாக இருக்கலாம். 9-க்கும் கீழே சரிந்தால் தகடுகள் வலுவிழந்துவிட்டன. குளிர் மிகுந்த காலையில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகும், எஞ்சின் ஆயிலும் கெட்டிப்படும். ஆகவே அன்று சற்றுக் குறைவாகத்தான் காட்டும்.

மீட்டரின் முட்களை எங்கே வைக்கிறீர்கள் என்பது இங்கே மிகவும் முக்கியம். பேட்டரியின் முனையான ஈயத் தூணின் நடுவில் வைக்க வேண்டும். அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் வைக்கக்கூடாது. அதன் பிறகு ஒரு முள்ளைத் தூணிலும் மற்றொன்றை அதே தூணின் கிளாம்ப்பிலும் வைத்து, அதாவது தூணுக்கும் கிளாம்ப்புக்கும் இடையே, சாவியைத் திருப்பச் சொல்லி அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் அங்கே ஏறத்தாழ ஒன்றுமே காட்டக்கூடாது. 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்தத் தொடுகையில் அழுக்கு இருக்கிறது. 150 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமின் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே எரிந்துபோகும். அத்தனை சிறிய தடையை மீட்டரின் ஓம் அளவையால் காண முடியாது. மின்சாரம் ஓடும்போது வோல்ட்டாகத்தான் பிடிக்க முடியும். இதே முறையில் நெகட்டிவ் தூணிலிருந்து எஞ்சின் உலோகம் வரையிலும் அளந்து பார்க்கலாம், அது 0.2-ஐத் தாண்டக்கூடாது.

பதிவு 8 | நீலவானம்

இடையில் ஒரு கேள்வி. சிக்னலில் நின்றதும் எஞ்சின் தானாக அணையும் வகைக் கார் என்னுடையது. சில வாரங்களாக அது அணைவதே இல்லை. இதுவும் பேட்டரியின் அறிகுறியா? சார்ஜ் ஏற்றும்போது நான் வேறு ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

பதிவு 9 | செம்புக்கம்பி

நீலவானம் அவர்களுக்கு: ஆம், அது பலருக்கு முதலில் தெரியும் அறிகுறி. மீண்டும் இயக்கப் போதிய சார்ஜ் இல்லை என்று கணினி கருதினால் எஞ்சினை அணைக்க அனுமதிக்காது. ஏசியின் தேவை, எஞ்சின் இன்னும் சூடேறாமை போன்ற காரணங்களும் உண்டு என்பதால், வாரக்கணக்கில் தொடர்ந்தால் மட்டும் பேட்டரியைப் பாருங்கள். உங்கள் வண்டியில் ஏஜிஎம் வகை (அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும்) பேட்டரி இருக்கக்கூடும். முழுவதும் ஏறிய நிலையில் அது 12.8 அல்லது அதற்கும் மேல் காட்ட வேண்டும். மேலே சொன்ன 12.6 அதற்கு நிறைவான எண் ஆகாது. சார்ஜரிலும் ஏஜிஎம்முக்குரிய நிலையைத் தேர்ந்தெடுங்கள். நெகட்டிவ் கிளாம்ப்பின் மீது சிறு உணரி ஒன்று அமர்ந்திருந்தால், சார்ஜரின் கறுப்புக் கம்பியைத் தூணில் மாட்டாமல் வண்டியின் உலோக உடலில் மாட்டுங்கள். அப்போதுதான் உள்ளே போன மின்னேற்றத்தை உணரி கணக்கில் எடுத்துக்கொள்ளும். பேட்டரியை மாற்ற நேர்ந்தால், புதியதைக் கணினியில் பதிவுசெய்ய வேண்டுமா என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள்.

பதிவு 10 | மாலைப்பயணி

நீங்கள் சொன்னபடியே அளந்தேன். எஞ்சின் சுழலும்போது ஈயத் தூண்களுக்கிடையே 10.3 வோல்ட். பாசிட்டிவ் தூணுக்கும் அதன் கிளாம்ப்புக்கும் இடையே 0.05. நெகட்டிவ் தூணுக்கும் அதன் கிளாம்ப்புக்கும் இடையே 0.62!

வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கிளாம்ப்பில் வெள்ளைப் பொடியோ பச்சைப் படிவோ எதுவும் இல்லை. கழற்றிப் பார்த்தபோதுதான் அதன் உட்புறத்தில் கரும்பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று தெரிந்தது. ஈயத் தூணின் பக்கவாட்டிலும் அதே படலம். ஓரிடத்தில் மட்டும் விரல் நகம் அளவுக்குப் பளபளப்பு இருந்தது. இத்தனை நாளும் அந்த ஒரு புள்ளியின் வழியாகத்தான் மின்சாரம் போயிருக்கிறது போலும். சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, கம்பித் தூரிகையால் ஈயம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, உலரவிட்டு இறுக்கினேன். இப்போது அங்கே 0.03. ஸ்டார்ட்டர் பழையபடி விறுவிறுவென்று சுழல்கிறது.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருக்கிறது. சுத்தம் செய்த பிறகு, சுழலும்போது தூண்களுக்கிடையே முன்பு 10.3 காட்டியது இப்போது 10.1 காட்டுகிறது. நிலைமை மோசமாகிவிட்டதா?

பதிவு 11 | செம்புக்கம்பி

இல்லை, அது நல்ல அறிகுறி. இதுவரை அழுக்கு தடுத்துக்கொண்டிருந்ததால் ஸ்டார்ட்டர் தனக்கு வேண்டிய ஆம்பியரை இழுக்க முடியவில்லை, இப்போது இழுக்கிறது. பேட்டரி கூடுதல் பாரத்தைச் சுமப்பதால் அதன் வோல்ட் சற்றே இறங்குகிறது. கிளாம்ப்புக்கு அப்பால் அளந்திருந்தால் முன்பு 9.6-ஐ ஒட்டி இருந்தது இப்போது 10-ஐத் தாண்டியிருக்கும். ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது அந்த எண்தான்.

பிறருக்காக ஒன்று: கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைத் தளர்த்தும் ஸ்பேனர் வண்டியின் உடலில் எங்கேனும் பட்டால், பேட்டரியின் முழு மின்சாரமும் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும்.

ஆனால் உங்கள் தொல்லையின் வேர் இதுவன்று. கிளாம்ப்பின் அழுக்கு இரண்டு நாளில் 12.66-ஐ 12.2 ஆக்காது. எனவே அடுத்த சோதனை: முழுவதும் ஏற்றிய பின் ஓர் இரவு நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவைத்துக் காலையில் அளவிடுங்கள், மறுபடி ஏற்றி, அடுத்த இரவு கேபிளை மாட்டிவைத்து அளவிடுங்கள். கழற்றி வைத்த இரவிலும் இறங்கினால் பேட்டரிக்குள்ளேயே கசிவு. மாட்டிவைத்த இரவில் மட்டும் இறங்கினால் வண்டிதான் குடிக்கிறது. கேபிளைக் கழற்றினால் கடிகாரமும் ரேடியோவும் அழியலாம், கண்ணாடிகளின் தானியங்கி நினைவும் போகலாம் என்பதால் ரேடியோவின் குறியீட்டு எண் கையில் இருக்கட்டும்.

பதிவு 12 | மாலைப்பயணி

கேபிளைக் கழற்றிய இரவுக்குப் பிறகு 12.64. மாட்டிய இரவுக்குப் பிறகு 12.52. ஆகவே வண்டிதான் குடிக்கிறது. எங்கே என்று எப்படித் தேடுவது?

பதிவு 13 | செம்புக்கம்பி

இது பொறுமை தேவைப்படும் பகுதி, அவசரப்பட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். மீட்டரின் சிவப்பு முள்ளை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் தூணுக்கும் கழற்றிய கேபிளுக்கும் இடையே தொடராக இணைக்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பக்கூடாது, கதவையும் திறக்கக்கூடாது. பானெட்டின் தாழை ஒரு திருப்புளியால் மூடிய நிலைக்குத் தள்ளிவைத்தால், அது மூடியிருப்பதாகவே வண்டி எண்ணிக்கொள்ளும். திரும்ப மூடுவதற்கு முன் அதை விடுவித்துவிடுங்கள். சாவி தொலைவில் இருக்கட்டும். அருகில் இருந்தால் சில கார்கள் விழித்துக்கொண்டே இருக்கும்.

இணைத்தவுடன் பல ஆம்பியர் காட்டக்கூடும். மின்னணுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக உறங்கப் போவதற்கு இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அதன் பின் காட்டும் எண்ணே உண்மை. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. அந்த அளவில் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான் போகும். உங்கள் பேட்டரி பாதியாவதற்கே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். உங்களுக்கோ இரண்டே நாளில் பாதியாகிறது. எனவே 400 மில்லி ஆம்பியரை ஒட்டி எதிர்பார்க்கிறேன்.

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. அப்படிப் பிடுங்கி மாட்டும்போது உறங்கிய பெட்டிகள் விழித்துக்கொள்ளும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை. நெகட்டிவ் கேபிளை மாட்டிவிட்டு, மீட்டரின் முட்களை வோல்ட் துளைகளுக்குத் திருப்பி, மில்லிவோல்ட் அளவையில் வைத்து, வண்டி மறுபடி உறங்கியபின் ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் தெரியும் இரு சிறு உலோகப் புள்ளிகளில் முட்களை வையுங்கள். மின்சாரம் ஓடாத ஃபியூஸில் சுழியம். ஓடும் ஃபியூஸில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட் தெரியும்.

பதிவு 14 | பழைய_ஓட்டுநர்

இவ்வளவு தூரம் வந்த பிறகு நானும் ஒன்று சேர்க்கிறேன். ஆம்பியர் மீட்டரை மாட்டுவதற்கு முன், அதே இடத்தில் ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டிப் பாருங்கள். வண்டி உறங்கிய பின்னும் அது பளிச்சென்று எரிந்தால் ஓட்டம் மிக அதிகம். அந்த நிலையில் மீட்டரைக் கோத்தால் அதன் ஃபியூஸ் எரியும். மங்கலாகவோ எரியாமலோ இருந்தால் அஞ்சாமல் மாட்டலாம். கையுறைப் பெட்டி, டிக்கி, கண்ணாடியுடன் கூடிய வெயில் மறைப்பு ஆகியவற்றின் விளக்குகளையும், பின்னால் பொருத்திய கேமரா, பாட்டுப்பெட்டி, எச்சரிக்கை ஒலிப்பான் ஆகியவற்றையும் முதலில் சந்தேகியுங்கள். கம்பெனி போட்டதைவிடப் பிறகு போட்டதுதான் பெரும்பாலும் கசியும்.

பதிவு 15 | மாலைப்பயணி

கிடைத்துவிட்டது. வண்டி உறங்கிய பின் 0.43 ஆம்பியர். ஃபியூஸ்களில் எல்லாவற்றிலும் சுழியம். உட்புற விளக்குகளுக்கான 10 ஆம்பியர் ஃபியூஸில் மட்டும் ஏறத்தாழ 3 மில்லிவோல்ட். ஐயா சொன்னபடி டிக்கி விளக்கைச் சந்தேகித்து, கைப்பேசியில் காணொளிப் பதிவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினேன். மூடிய பிறகும் காணொளியில் ஸ்டெப்னியின் விளிம்பு மஞ்சள் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிகிறது! டிக்கிப் பூட்டுக்குள் இருக்கும் சிறு சுவிட்ச் அழுந்தாமல் நின்றிருக்கிறது. 5 வாட் பல்பு, அதாவது 0.4 ஆம்பியர். அந்தப் பல்பைக் கழற்றியதும் மீட்டர் 0.03-க்கு இறங்கியது.

அப்படியானால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம் அல்லவா?

பதிவு 16 | வேதிக்கூடம்

காரணத்தைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டுகள். ஆயினும் பேட்டரி குற்றமற்றது என்பதற்கும் அது காயமடையவில்லை என்பதற்கும் வேறுபாடு உண்டு. ஈய-அமில பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தால், தகடுகளில் உண்டான நுண்ணிய ஈய சல்ஃபேட் கெட்டியான படிகங்களாக இறுகிவிடும். பிறகு சார்ஜ் செய்தாலும் அந்தப் பகுதி திரும்ப ஈயமாவதில்லை. எஞ்சிய தகடு மட்டும் வேலை செய்யும். அது முழுவதும் ஏறி 12.6 என்றும் காட்டும். ஆனால் 45 என்று எழுதியிருக்கும் பெட்டிக்குள் 25 ஆம்பியர்-மணிதான் இருக்கக்கூடும். பாதி மண் நிரம்பிய குடம் விளிம்பு வரை நிறைந்திருப்பது போன்றது அது.

கொள்ளளவை வீட்டில் துல்லியமாக அளக்க முடியாது, ஆனால் மதிப்பிடலாம். முழுவதும் ஏற்றி ஓய்வில் விட்டபின், எஞ்சினை இயக்காமல் ஹெட்லைட்டை மட்டும் அரை மணி நேரம் எரியவிடுங்கள். இரண்டு 55 வாட் ஹாலஜன் பல்புகள் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அரை மணியில் நான்கரை ஆம்பியர்-மணி, அதாவது நல்ல பேட்டரியின் பத்தில் ஒரு பங்கு. எரிந்துகொண்டிருக்கும்போதே அளந்தால் கடைசி நிமிடத்திலும் 12-க்கு மேல் நிற்க வேண்டும். அணைத்து ஒரு மணி நேரம் கழித்து 12.5-ஐ ஒட்டித் திரும்பி வர வேண்டும். எரியும்போதே 11.5-க்குக் கீழே சரிந்தால் கொள்ளளவு பெருமளவு போய்விட்டது. எல்இடி விளக்குகள் மிகக் குறைவாகவே இழுப்பதால் அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சோதனை முடிந்ததும் உடனே சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

பதிவு 17 | மாலைப்பயணி

என் காரில் ஹாலஜன் விளக்குகள்தாம். அரை மணியின் முடிவில், எரிந்துகொண்டிருக்கும்போது 12.08. அணைத்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 12.44. சோதனை முடிந்ததும் மீண்டும் சார்ஜ் ஏற்றிவிட்டேன். டிக்கிப் பூட்டின் சுவிட்சையும் மாற்றியாகிவிட்டது.

பதிவு 18 | வேதிக்கூடம்

12.44 என்பது புதிய பேட்டரியின் எண் அன்று. கொள்ளளவில் ஒரு பகுதி குறைந்திருக்கிறது. ஆனால் மாற்றியே தீர வேண்டிய நிலையும் இல்லை. கெட்ட செல் இல்லை, உள்கசிவு இல்லை, சுழலும்போது 10.1 நிற்கிறது.

பதிவு 19 | பழைய_ஓட்டுநர்

அளந்து பார்த்த பிறகு நானும் ஒப்புக்கொள்கிறேன்; இந்த பேட்டரியை இப்போது தூக்கிப் போட வேண்டாம். ஆனால் நீண்ட பயணத்துக்கு முன்பும், குளிர்காலம் தொடங்கும் முன்பும் மறுபடி அளந்துவிடுங்கள், தம்பி. குறுகிய தூரமே ஓட்டுபவராக இருந்தால் ஆல்டர்னேட்டருக்கு முழுவதும் ஏற்ற நேரம் கிடைக்காது. மாதம் ஒரு முறை சார்ஜரில் போடுவது நல்லது.

பதிவு 20 | நீலவானம்

என் ஏஜிஎம் பேட்டரி இரவு முழுதும் சார்ஜரில் இருந்தும், ஓய்வுக்குப் பிறகு 12.4-ஐத் தாண்டவில்லை, எஞ்சின் சுழலும்போது 8.7-க்கு இறங்குகிறது. கிளாம்ப்புகள் இரண்டிலும் 0.04-க்குள்தான் காட்டுகின்றன.

பதிவு 21 | செம்புக்கம்பி

நீலவானம் அவர்களுக்கு: உங்கள் பேட்டரி முடிந்துவிட்டது. சார்ஜரில் ஏஜிஎம் நிலைதான் இருந்ததா என்பதை மட்டும் ஒரு முறை சரிபார்த்து மறுபடி ஏற்றிப் பாருங்கள். அதே எண்கள் வந்தால் மாற்றிவிடலாம். புதியதும் ஏஜிஎம் வகையாகவே இருக்க வேண்டும். சாதாரண வகையைப் போட்டால் ஒரு நாளில் பல முறை எஞ்சின் அணைந்து மீண்டும் இயங்கும் அந்தச் சுமையை அது தாங்காது.

மாலைப்பயணி அவர்களுக்கு: இன்றைய மூன்று எண்களை, அதாவது ஓய்வில் 12.66, சுழலும்போது 10.1, விளக்குச் சோதனைக்குப் பின் 12.44 ஆகியவற்றைத் தேதியுடன் ஒரு தாளில் எழுதி பானெட்டின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை அளக்கும்போது முதலில் நடு எண்ணைப் பாருங்கள். ஏறத்தாழ அதே வெப்பநிலையில், முழுச் சார்ஜில், அது 9.6-ஐ நெருங்கும்போது புதிய பேட்டரிக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.